பதினாலாவது கோடு

பதினாலாவது டீயை நீட்டினேன். வாங்கிய கை என் சம்சாரத்தின் கை இல்லை.

புறங்கையில் பச்சை குத்திய தேள். நகக்கண்ணில் கறுப்புச் சேறு. மணிக்கட்டில் இரண்டு ரப்பர் வளையல். டீ கிளாஸை விடாமல் நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண். வெறுங்கால். பச்சைப் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். இடுப்பில் ஓலைக்கூடை, அதில் உப்பு மண்ணில் முளைக்கிற உமிரிக் கீரை.

"யாரும்மா நீ?"

"நானா? பூங்காவனம். உங்ககூடத்தானே சார் வந்துகினு கீறேன், உப்புக் கிடங்குலேர்ந்து."

"எங்ககூடயா? எதுக்கு?"

"அங்க நாய்ங்க பேஜாரு. ஒண்டியா போனா உடமாட்டேங்குது. நீங்க கும்பலா போனீங்கோ, அப்பிடியே ஒட்டிகினு வந்துட்டேன். ஆமா, எந்தக் கோயிலுக்குப் பாதயாத்திரை?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நொடிதான். அதற்குள் என் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டைத் தடவியது. வரும் வழியில் பலகைப் பாலத்தில் ஆள் எண்ணி அதில் கோடு போட்டேன், பதினாலு வந்தது. இந்த அம்மா அந்தப் பதினாலில் ஒருத்தி என்றால், என்னோடு வந்தவர்கள் பதிமூன்று பேர்தான் இங்கே இருக்கிறார்கள்.

"மரகதம்!" என்று என் சம்சாரத்தைக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை. டீக்கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கடைக்கார அந்தோணியின் சம்சாரம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. வந்த வரப்பைப் பார்த்தேன். நாலு கொக்கு நின்றது.

போன் போட்டேன். மணி என் தோள்பைக்குள்ளேயே அடித்தது. காலையில், "இத நீ வச்சிக்கய்யா, இடுப்புல நிக்க மாட்டேங்குது" என்று அவள்தான் என்னிடம் கொடுத்திருந்தாள்.  

கொக்கியை மட்டும் பார்

இந்தப் பத்திரிகையில் என் பக்கத்தை இந்த வாரம்தான் முதல்முறை புரட்டுகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக ஒரு வரி. நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து கிரேன் இறக்குகிற சரக்கை எண்ணி எழுதுவது என் வேலை. நேராக நாலு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. அது ஒரு கட்டு. கட்டுகளைக் கூட்டினால் கணக்கு. அவ்வளவுதான் என் படிப்பு.

இந்த வேலைக்கு ஒரு ரகசியம் உண்டு. சரக்கைப் பார்க்கக் கூடாது. மூட்டையா, பெட்டியா, எந்த ஊர், என்ன கலர் என்று கண் அலைந்தால் எண்ணிக்கை போய்விடும். கொக்கி கீழே வரும் ஒரு இடத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். அந்த இடத்தை ஒன்று தாண்டினால் ஒரு கோடு. வெயிலானாலும் மழையானாலும், பக்கத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டாலும், கண் அங்கேயே இருக்கும். அதில் நான் கில்லாடி. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் குறியைப் படித்துச் சரிபார்ப்பது வேறு ஆள். என் காலத்தில் அது துரைராஜ், என் தோஸ்து. ஒருநாள் மச்சான் கல்யாணம் என்று அவன் லீவு போட்டுவிட்டான். ரெண்டு வேலையையும் நானே பார்த்தேன். நாற்பது மரப்பெட்டி வர வேண்டும், நாற்பது வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு மாதா கோயில் ஃபாதர் வந்தார். முகம் சிவந்திருந்தது. கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து பாட்டுக்கு வாசிக்கிற ஆர்கன் பெட்டி வருகிறதென்று திருவிழாவுக்கு முதல் நாள் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே பல் டாக்டர் நாற்காலி! ஆர்கன் அதே கப்பலில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நைனா, நீ எண்றதுல புலி. ஆனா பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு ஒரு தபாகூட யோசிக்க மாட்ட" என்றான் துரைராஜ்.

முப்பது வருஷமாக இந்தக் கதையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். மரகதம் மட்டும் சிரிக்க மாட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அப்பால அந்த ஃபாதர் இன்னா பண்ணாரு?"

எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவே இல்லை.

எண்ணூரில் காடா?

ரிட்டயர் ஆனதும் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். காலடிப்பேட்டையில் எங்கே நடப்பது? மெயின் ரோட்டில் டிரெய்லர் லாரி வரிசை. கடற்கரைப் பக்கம் போனால் கல்லும் குப்பையும். ஒருநாள் மணலி புதுநகர் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கி, தோன்றிய திசையில் நடந்தேன். வயல் வந்தது. எனக்கே ஆச்சரியம். பிறந்து வளர்ந்த ஊர், அறுபது வருஷமாகத் தெரியவில்லை.

அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சுற்று பிடிபட்டது. அந்தோணி டீக்கடையில் தொடங்கி, வயல் வரப்பில் போய், பனந்தோப்புக்குள் நுழைந்து, ஒரு பழைய வழிப்போக்கர் மண்டபத்தையும் அதன் குளத்தையும் பார்த்துவிட்டு, கூரை போன செங்கல் உப்புக் கிடங்கைச் சுற்றி, ஆற்றங்கரையில் அலையாத்திக் காட்டை ஒட்டியே நடந்தால், வெள்ளைக்காரன் காலத்து மதகு வரும். அதன் கதவுகள் எப்போதோ போய்விட்டன. குறுக்கே இரண்டு பனம்பலகை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மறுபடி வயல், மறுபடி அந்தோணி டீக்கடை. மூன்றரை மணி நேரம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

நாலு பேரிடம் சொன்னேன். சிரித்தார்கள். "எண்ணூராண்ட காடா? இன்னா மாமு, சாம்பல் காடா?" என்றார்கள். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. வடசென்னை என்றால் புகை, கலீஜ், கத்தி என்றே பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அலையாத்தி மரத்தடியில் சேற்றுக்கு மேல் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். தூரத்தில் ஆலைப் புகைபோக்கியின் நெருப்பு எரிகிறது, இங்கே மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. 

அதிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று சேர்ந்தார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. பதிலுக்கு என் பேச்சைக் கேட்க வேண்டும்.

மூன்று இடத்தில் ஆள் எண்ணுவேன். பனந்தோப்பு முடியும் இடத்தில் ஒன்று, உப்புக் கிடங்கு வாசலில் ஒன்று, பலகைப் பாலத்தில் ஒன்று. மூன்றும் குறுகலான இடம். ஒவ்வொருத்தராகத்தான் தாண்ட முடியும். நான் ஓரமாக நின்றுகொண்டு, தாண்டுகிற காலைப் பார்த்துக் கோடு போடுவேன். அதே பழைய பழக்கம். ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பியதில்லை.

கேன்வாஸ் ஷூ

மரகதம் வந்ததே இல்லை. "நான் இன்னாத்துக்கு? வூட்ல வேலை கீது" என்பாள். ஒரு வருஷம் நச்சரித்தேன். கூட்டமெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது, கட்டினவள் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு குறை. கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

தேரடிக் கடையில் அவளுக்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன். "எனக்கு செருப்பு போதும்யா" என்றாள். "வரப்புல செருப்பு வழுக்கும், உனக்கு ஒண்ணியும் தெரியாது, சொம்மா இரு" என்றேன். விடிகாலையில் நானே குனிந்து நாடாவைக் கட்டிவிட்டேன். அவிழக் கூடாதென்று இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அவள் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவளோடு சேர்த்துப் பதினாலு பேர், நான் தனி. வயலில் நெல் கதிர் விட்டிருந்தது. நான் முன்னால் பேசிக்கொண்டே நடந்தேன். அவள் கடைசியாக வந்தாள். கடைத்தெருவுக்குப் போனாலும் அப்படித்தான். நான் வேகமாக நடப்பேன், அவள் பின்னால் வருவாள். திரும்பிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பனந்தோப்பு. பதினாலு கோடு.

மண்டபத்தில் தூணில் செதுக்கிய மீனைக் காட்டினேன். குளத்தில் அல்லி இருந்தது. உப்புக் கிடங்கு. பதினாலு கோடு. அங்கே மரகதம் என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "இன்னாய்யா, கொஞ்சம் நிக்கலாமா?" என்றாள்.

"இங்க நாய்ங்க கீது. வா வா, பலகையாண்ட நிப்போம்" என்றேன்.

எதற்கு நிற்கச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. உப்புக் கிடங்கின் செங்கல் அளவைப் பற்றி ஒருத்தர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே நடந்துவிட்டேன்.

பலகைப் பாலம்

மதகில் நான் நிற்கவில்லை. முன்னால் போனவர்கள் ஏற்கெனவே பலகையில் கால் வைத்துவிட்டார்கள். நான் தாண்டி அந்தக் கரையில் நின்று, நோட்டை எடுத்து, பலகையின் விளிம்பில் கண்ணை வைத்தேன். ஷூ, ஷூ, செருப்பு, ஷூ, ஷூ. கோடு, கோடு, கோடு, கோடு, குறுக்கே ஒன்று.

கடைசியாக ஒரு வெறுங்கால் தாண்டியது.

எனக்குக் கோபம் வந்தது. நிமிராமலே, "ஷூவைக் கழட்டிட்டியா? ஆயிரம் தபா சொன்னேன்ல?" என்றேன். அந்தக் கால் நிற்காமல் நடந்தது. பதினாலாவது கோட்டைப் போட்டேன்.

"பதினாலு! கரெக்டா கீது! நடங்க!"

அந்தக் குரலுக்கு ஒரு மிடுக்கு இருந்தது. டீக்கடை வரை நாற்பது நிமிஷம், மதகு கட்டின கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி குறைந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் அவள் என்னோடு முன்னால் போகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். கட்டினவள் புருஷனோடுதானே நடப்பாள் என்று யாரும் நினைப்பார்கள்.

"அவுங்க ஒதுங்குனாங்க"

டீக்கடைக்கு வருகிறேன். நான் பைத்தியம் மாதிரி "மரகதம், மரகதம்" என்று கத்திக்கொண்டிருக்க, பூங்காவனம் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கட்டம் போட்ட புடவையா சார்? வெள்ள ஷூ?"

"ஆமா! பாத்தியா?"

"பலகைக்கு முன்னாடியே ஒதுங்குனாங்க. மரத்துக்கு உள்ளாற. நீ எண்ணிகினு இருந்த. அவுங்க வர வரைக்கும் நீ நிப்பேன்னு நினைச்சேன்."

"சொல்லக் கூடாதா?" என்று பாய்ந்தேன்.

"இன்னா சார் பேசற? ஒரு பொம்பள ஒண்ணுக்குப் போறத, இத்தினி ஆம்பளைங்க முன்னாடி எப்பிடி கத்திச் சொல்றது?"

 எங்கள் கூட்டத்தில் ஜெயராணி என்று ஒரு ரிட்டயர்டு நர்ஸ் உண்டு. முதல் நாளிலிருந்து வருகிறவர். அவர் மெதுவாகச் சொன்னார்.

"சார், நாங்க சனிக்கிழமை ராத்திரியிலிருந்தே தண்ணி குடிக்க மாட்டோம். அவங்களுக்கு அது தெரியாது இல்ல, புதுசா வந்தவங்க. யாராவது சொல்லியிருக்கணும்."

ஒரு வருஷம். மாதம் தவறாமல். அஞ்சு பெண்கள் நாக்கு வறண்டு என் பின்னால் நடந்திருக்கிறார்கள், நான் குளத்தைக் காட்டி அல்லிப்பூ பற்றிப் பேசியிருக்கிறேன். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அதற்கு வெட்கப்படக்கூட அப்போது நேரம் இல்லை. எனக்கு நினைவு வந்தது வேறு. ஓதம்.

துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு ஒன்பது மணிக்குமேல் முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் உள்ளே ஏறும். வேர் தெரியட்டும் என்றுதான் எட்டே முக்காலுக்குள் மதகைத் தாண்டுகிற மாதிரி நேரமே குறித்தேன். மணி ஒன்பதரை தாண்டியிருந்தது.

"குறுக்கால போலாம், வா!" என்று பூங்காவனம் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கி ஓடினாள். நானும் ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், சர்க்கரைக்காரன், கடைசியாக எப்போது ஓடினேன் என்று ஞாபகம் இல்லை. நெல் வயலில் இரண்டு தடவை விழுந்தேன். பின்னால் ஜெயராணியும் இன்னும் சிலரும் வருவது கேட்டது.  செத்துப்போயிருப்பாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

இரண்டு முடிச்சு

மதகுக்கு வந்தபோது தண்ணீர் நிறம் மாறியிருந்தது. நான் எண்ணுகையில் மூச்சுவேர் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இப்போது நுனிகூடத் தெரியவில்லை.

"மரகதம்! இன்னாமே, எங்க கீற? குரல் குடு!"

ஒன்றும் இல்லை. தண்ணீர் மரத்தில் மோதுகிற சத்தம். இரண்டாவது தடவை கத்தினேன். மூன்றாவது தடவை என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பூங்காவனம் கத்தவில்லை. குனிந்து, தண்ணீர் மட்டத்துக்கு முகத்தை வைத்து, மரங்களுக்கு நடுவே பார்த்தாள். "தோ" என்றாள்.

கரையிலிருந்து பதினைந்தடி தூரம்கூட இல்லை. பலகைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மரம், அவ்வளவுதான். இடுப்புவரை தண்ணீரில் நின்றிருந்தாள். ஒரு கிளையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள்.  எனக்கு உயிர் வந்ததா போனதா என்று தெரியவில்லை, அப்படியே உள்ளே இறங்கிவிட்டேன். மூன்றாவது எட்டில் சேறு என் முழங்காலைப் பிடித்தது.

"யோவ் பெர்சு, நில்லு!" என்று கத்தினாள் பூங்காவனம். "நீயும் மாட்டிகினா ரெண்டு பேரை நான் எப்பிடி தூக்குறது? அந்தக் கிளையைப் புச்சிகினு அப்பிடியே நில்லு!"

நின்றேன். கீரையைக் கரையில் கொட்டினாள். கூடையைக் கவிழ்த்துச் சேற்றில் வைத்து, அதன்மேல் மார்பைக் கொடுத்துக் குப்புறப் படுத்து நகர்ந்தாள். மரகதத்தின் பக்கத்தில் போனதும் தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுக் காலைத் தடவினாள்.

"சேத்துல காலு மாட்னா செருப்ப உட்டுட்டு கால உருவிகினு வரணும்மா. வராம இன்னா பண்ற?"

"வரல. ஷூ" என்றாள் மரகதம். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

"அவுக்கறதுதானே?"

"குனிஞ்சா மூஞ்சி தண்ணில மூழ்குது. முடிச்சும் அவுரல."

பூங்காவனத்தின் கை உள்ளே துழாவியது. "எந்த சோமாறிம்மா இத்த இப்பிடி கட்டினான்?" என்றாள்.

மரகதம் என்னைப் பார்த்தாள். பூங்காவனமும் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் இடுப்பிலிருந்த கீரை அரிவாளை எடுத்து, மூச்சைப் பிடித்துத் தலையோடு உள்ளே முங்கினாள். ஒரு நாடா அறுந்தது. கால் சளக்கென்று வெளியே வந்தது. மறுபடி முங்கினாள்.

இரண்டு ஷூவும் இன்னும் அங்கேதான் சேற்றுக்குள் இருக்கின்றன.

அவள் கேட்டது

ஜெயராணியும் மற்றவர்களும் கைகொடுத்துக் கரையேற்றினார்கள். என்னை இழுத்தது யாரென்று நினைவில்லை. மரகதத்துக்குத் துண்டைப் போர்த்தி உட்கார வைத்தோம். அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அத்தனை பேர் எதிரில் அழுதேன்.

"ஏன்மே கத்தல? கத்தியிருந்தா கேட்டிருக்குமே?"

"கத்துனேன்" என்றாள். "புடவைய சரி பண்ணிகினு கத்த கொஞ்ச நேரம் ஆச்சு. அதுக்குள்ள நீ கத சொல்லிகினு போய்ட்ட. உன் சத்தத்துல என் சத்தம் கேக்கல."

"இப்ப நான் கூப்ட்டேனே?"

"வாயத் தொறந்தா அயுதுடுவேன்னு மூடிகினேன்."

 பிறகு, சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீ எண்ணுனது எனக்கு நல்லா கேட்டுச்சு. பதினாலு, கரெக்டா கீதுன்ன. நான் உள்ள நின்னுகினு நானும் ஒரு தபா எண்ணிப் பாத்தேன். என்னைய உட்டா பதிமூணுதான் வரணும். எப்பிடிடா பதினாலு வந்துச்சுன்னு ஒண்ணியும் புரியல. அப்பால ஒரு மணி நேரம் வேற வேலை இல்ல, அதையேதான் யோசிச்சிகினு இருந்தேன். சரி, நான் இல்லாங்காட்டியும் இந்தாளுக்குக் கணக்கு சரியாத்தான் வருது போலன்னு."

 பூங்காவனம் கதையை, நாய்க் கதையை, வெறுங்கால் கதையை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "ஓ" என்றாள். அந்த விளக்கம் அவளுக்குத் தேவைப்பட்ட விளக்கமாகத் தெரியவில்லை.

மறுபடி டீக்கடை

அந்தோணியின் சம்சாரம் ஒரு புடவை கொடுத்தாள். மரகதம் உடுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அவள் பக்கத்தில் பூங்காவனம், தலையிலிருந்து சேறு வழிய, இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தாள். கொட்டின கீரையை மறுபடி அள்ளி வந்திருந்தாள். "நாலு மணிக்கு எயுந்து அறுத்தது, உட்டுட்டு வர முடியுமா?" என்றாள் மரகதத்திடம். "உப்பு போடாம வதக்குவியா அத?" என்று மரகதம் கேட்டாள். இருவரும் சமையல் பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சு நடுவில் மரகதம் என் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த நோட்ட குடு."

சட்டைப்பையில் நனைந்து ஊறியிருந்தது. கொடுத்தேன். அன்றைய பக்கத்தைத் திருப்பினாள். பேனா மை கொஞ்சம் பரவியிருந்தாலும் கோடுகள் தெரிந்தன. பனந்தோப்பு, உப்புக் கிடங்கு, பலகை. மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டு, அப்புறம் குறுக்குக்கோடு இல்லாமல் நாலு. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. வெயில் படுகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இதுல நான் எந்தக் கோடு?" என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது. எப்படியாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று பதறினேன். நல்ல வேளையாக ஒன்று ஞாபகம் வந்தது. அவள் எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். கைக்குக் கிட்டே இருந்த வரிசையின் கடைசிக் கோட்டில் விரலை வைத்தேன்.

"இதான். இதான் நீ."

மரகதம் என் விரலைப் பார்த்தாள். அது எந்த வரிசை என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

"அது பூங்காவனம்" என்றாள்.